ஒலிபரப்பாகாத நிகழ்ச்சிக்கு வந்த பாராட்டு

1

என் வானொலி நிகழ்ச்சிக்கு இந்த மாதத்தோடு ஏழு வயது. நிலையத்தில் கேக் வாங்கி வந்து வெட்டினார்கள். ஒரே ஆள் ஏழு வருடமாக ஒரே நேரத்துக்கு வந்து, யாரும் கேட்டிராத பாட்டுகளைப் போட்டுவிட்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல் வீட்டுக்குப் போவது இந்த ஊர் வழக்கப்படி கொண்டாடத் தக்க குணம்.

நான் இருப்பது நியூசிலாந்தின் தெற்கில் ஒரு சிறு நகரம். காற்று எந்நேரமும் எங்கோ போக அவசரப்படும். எனக்கும் அதே அவசரம்தான், போக இடம்தான் இல்லை. வார நாட்களில் பால் பவுடர் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஞாயிறு மாலை ஆறு முதல் ஏழு வரை சமூக வானொலியில் ஒரு மணி நேரம் என்னுடையது. பழைய இசைத்தட்டுக் கீறல்களுக்கு நடுவே யாரோ ஒரு பெயரில்லாத நாதஸ்வரக்காரர், கம்போடியாவின் கிடார், மதுக்கரையில் சிமெண்ட் கிடங்கு ஒன்றில் நான்கு பையன்கள் லாரிச் சத்தத்தோடு சேர்த்துப் பதிந்த பாட்டு. கண்டெடுத்ததை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுவேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலையம் ஒரு படிவம் தரும். உங்கள் நிகழ்ச்சி எந்த வகை? செவ்வியல், ராக், சமயம், இனக்குழு. கடைசியில் ஒரு கட்டம், 'மற்றவை'. ஏழு வருடமாக நான் மற்றவை.

ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். ஒருமுறை விடைபெறும்போது வாய் தவறி 'தேங்க்யூங்க' என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து முதியோர் இல்லத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டி மாதம் ஒருமுறை நிலையத்துக்குப் போன் செய்து, என்னிடம் சொல்லச் சொல்லி 'தேங்க்யூங்க' என்றுவிட்டுப் போனை வைத்துவிடுவார். என் வாழ்நாளில் கொங்கு நாட்டுக்கு நான் செய்த ஒரே தொண்டு அது.

2

நிகழ்ச்சியின் பெயர் 'மிச்ச நாடா'. அதற்கு ஒரு காரணம் உண்டு.

கோவை டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் கேசட் பதிந்து தரும் கடை இருந்தது. சினிமாப் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். கேட்ட பாட்டெல்லாம் முடிந்த பிறகும் நாடாவில் மூன்று நான்கு நிமிடம் மிச்சமிருக்கும். மற்ற கடைக்காரர்கள் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். இந்தக் கடைக்காரருக்கு வெறும் நாடாவைக் கண்டால் ஆகாது. தன்னிடம் இருந்ததில் எதையாவது போட்டு நிரப்பிவிடுவார். என்ன பாட்டு, யார் பாடியது என்று எழுதமாட்டார். கல்யாண வீட்டில் போட வாங்கிப்போன கேசட்டின் முடிவில் திடீரென்று ஒரு அரபுக்காரர் அழுவார்.

பலர் திட்டுவார்கள். நான் அந்த மிச்சத்துக்காகவே கேசட் பதியப் போவேன். ஒருநாள் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் கேட்டார்: "ஏனுங்க, போன கேசட்டுல கடைசியா ஒண்ணு போட்டிருந்தீங்களே. அது என்னுங்க?"

கடைக்காரர் நிமிராமலே, "எது மிச்சமோ அதுங்க" என்றார்.

முன்னால் நின்றவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர்தான் வேலுச்சாமி. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை. அன்று எங்கள் பேச்சு தொடங்கியது. அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். பழகிய இத்தனை வருடத்தில் ஒருநாளும் நாங்கள் 'டா' போட்டதில்லை. நீங்க, வாங்க, சொல்லுங்க. ஒரே பென்ச்சில் உட்கார்ந்து ஒரே கேசட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும், "சவுண்டு கொஞ்சம் வெக்கட்டுங்களா?" "வெய்ங்க."

(வேலுச்சாமி என்பது அவர் பெயரில்லை. மற்ற பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அந்தச் சாலை நெடுக மோட்டார்ப் பட்டறைகள்தான், யாரும் தேட வேண்டாம்.)

பட்டறையில் அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். மோட்டாரை ஓடவிட்டு, நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அதன் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "பேரிங் போச்சுங்க" என்பார், அல்லது "ஒண்ணுமில்லீங்க, சும்மா மொனகுது" என்பார். பட்டறைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் தோட்டத்துக்காரர்கள் இவரிடம் வந்து நிற்பார்கள். மோட்டாரைக் கழற்றாமலே சொல்லிவிடுவார் என்று பேர். அந்தப் பேரில்தான் பட்டறை ஓடுகிறது.

3

ஊரில் எனக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பத்துப் பதினைந்து பேர், பாதிப் பேர் பட்டறைக்காரர்கள். சனிக்கிழமையே, மறுநாள் போடப்போகும் பாட்டுகளைப் பற்றி இரண்டு இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவேன். இங்கே ஞாயிறு மாலை ஆறு என்றால் அங்கே காலை பத்தரை. பலகாரம் முடிந்து கறி எடுக்கப் போகும் முன் இணையத்தில் கேட்கலாம்.

நிகழ்ச்சி முடிந்ததும் பாராட்டு வரும். அவிநாசியிலிருந்து ரங்கநாதன் 'அருமை' என்று எழுதுவார். ஓய்வுபெற்ற வங்கிக்காரர், சொல் சிக்கனம். இரண்டு பேர் கைகூப்பிய படம் போடுவார்கள். வேலுச்சாமி மட்டும் குரலில் அனுப்புவார். கடந்த ஒரு வருடமாக அவர் குரல் கூடிக்கொண்டே வந்தது. சந்தையில் நின்று கூப்பிடுகிற மாதிரி. அதை நான் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன்.

கேக் வெட்டியதற்கு ஒரு மாதம் முந்தைய ஞாயிறு. வழக்கம் போலப் பாட்டுகளைப் போட்டேன், பேசினேன், வீட்டுக்கு வந்தேன். ரங்கநாதன் 'அருமை'. கைகூப்பிய படங்கள். அப்புறம் வேலுச்சாமி:

"ஏனுங்க, அந்த மூணாவது பாட்டு இருக்குதுங்களே, அந்தப் பொண்ணு பாடுனது. உப்புக்காத்துப் பட்ட கொரலுங்க அது. அப்புடியே உள்ளுக்குள்ள எறங்கிருச்சு. நீங்க இருக்கற வரைக்கும் எங்களுக்கு என்னுங்க கொறை."

இரண்டு முறை கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கள் காலை நிலைய மேலாளர் போனில் அழைத்தார். ஒரு கம்பி கழன்று கிடந்ததாம். உள்ளூர் ஒலிபரப்பு சரியாகப் போயிருக்கிறது. இணையத்தில் மட்டும் ஆறு முதல் ஏழு வரை ஒரு சத்தமும் போகவில்லை. ஒரு மணி நேரமும் மௌனம். மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னைத் தேற்றுவதாக நினைத்து, "கவலைப்படாதீர்கள், அந்த நேரத்தில் இந்தியாவிலிருந்து ஒரே ஒருவர்தான் இணைந்திருந்தார். பாவம், கடைசி வரை இருந்திருக்கிறார்" என்றார்.

4

என் மகள் தாரணி விழுந்து விழுந்து சிரித்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். இரண்டு வயதில் கொண்டுவந்த பிள்ளை. என் தமிழ் அவளுக்குப் புரியும். என் மௌனங்கள் புரியாது.

"ஸோ, யாருமே கேக்கலை. எல்லாரும் நல்லாருக்குன்னு மட்டும் சொல்றாங்க. அப்பா, திஸ் இஸ் ஹிலேரியஸ்."

"அது மரியாதை கண்ணு."

"அது பொய்ப்பா."

அவளுக்கு எப்படி விளக்குவது. எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் 'முடியாது' என்று சொல்வதில்லை. 'பாக்கலாங்க' என்போம். பெண் கேட்டு வந்தவரிடம், கடன் கேட்டு வந்தவரிடம், தொழிலில் கூட்டுக்கு அழைப்பவரிடம், எல்லோரிடமும் பாக்கலாங்க. கேட்டவரும் புரிந்துகொண்டு காப்பி குடித்துவிட்டு எழுந்துவிடுவார். ஒருவர் முகம் வாடாமல் ஒரு வாழ்க்கையை நடத்திவிடலாம். அதை இங்கே எந்தச் சொல்லாலும் பெயர்க்க முடியவில்லை. பெயர்த்தால் தாரணி சொல்கிற சொல்தான் வருகிறது.

சிரிப்பு அடங்கிய பிறகு அவளே கேட்டாள். "அந்த ஒருத்தர் யாரு?"

எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை. யாரும் கேட்கவில்லையே என்ற என் துக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன்.

உப்புக்காற்று பட்ட குரல் என்பது சனிக்கிழமை நான் எழுதி அனுப்பிய வரி. பெரியநாயக்கன்பாளையத்தில் உப்புக்காற்று ஏது. என் சொற்களையே அவர் எனக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை நாளாக என்று யோசிக்க மனம் வரவில்லை.

5

அன்று சாயங்காலம் கலாமணி அழைத்தார், வேலுச்சாமியின் மனைவி. வழக்கமாக அவர் அழைப்பதில்லை.

"ஏனுங்ணா, சாப்டாச்சுங்களா? அங்க குளுருங்களா?"

"குளுருதானுங்க அம்மணி. என்ன விசேசம்?"

"ஒண்ணுமில்லீங்ணா. சும்மா கூப்புட்டனுங்க." பின்னால் குக்கர் ஒரு விசில் விட்டது. "நேத்து நீங்க பாட்டெல்லாம் போட்டீங்ளாங்ணா?"

"போட்டனுங்களே."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக அழ ஆரம்பித்தார்.

"அப்பப் போயிருச்சுங்ணா. முழுசாவே போயிருச்சு."

துண்டு துண்டாகச் சொன்னார். இரண்டு வருடமாக வேலுச்சாமிக்குக் காது கேட்பதில்லை. முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். வாயசைவைப் பார்த்துச் சமாளிக்கிறார். டாக்டரிடம் போவதில்லை. காதில் மிஷினோடு உட்கார்ந்திருப்பவனிடம் எவன் மோட்டாரைக் கொண்டுவருவான் என்ற பயமாகத்தான் இருக்கும் என்றார். பட்டறை மட்டும் எப்படியோ நடக்கிறது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியை இப்போது காதில் வைப்பதில்லை, காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் அழுத்திக்கொள்கிறார். அந்த வழியில் கொஞ்சம் உள்ளே போகிறது.

"உங்க புரோகிராமையும் அப்புடித்தானுங்க கேப்பாரு. போனை ஸ்பீக்கர் பொட்டில சொருகி, சவுண்டு முழுசா வெச்சு, பொட்டி மேல ஸ்க்ரூ டிரைவரை ஊனிக்கிட்டு ஒரு மணி நேரம் குனிஞ்சே உக்காந்திருப்பாரு. பக்கத்தூட்டுக்காரங்க வந்து கேட்டைத் தட்டுவாங்க. அதும் அவருக்குக் கேக்காது. ஒருநா பேத்திகிட்ட சொல்லிட்டு இருந்தாரு, தொம்மு தொம்முன்னு வருது கண்ணு, நல்லாருக்குதுன்னு."

நேற்று கலாமணி அவிநாசிக்கு ஒரு சீருக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் நிகழ்ச்சி முடிந்து ரொம்ப நேரமாகியும் அவர் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். ஸ்க்ரூ டிரைவர் கையிலேயே. இன்று பட்டறை திறக்கவில்லை. காய்ச்சல் என்கிறார்.

"மோட்டார்ல வெச்சு ஒரு தடவை பாக்கலாமில்லீங்க. அதும் பாக்க மாட்டேங்கறாரு. பயமுங்ணா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று என் பாட்டைக் கேட்க உட்கார்ந்த அந்த ஒரே ஒருவர், ஒரு மணி நேரம், எலும்பில் இரும்பை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. மிச்சமிருந்ததும் போய்விட்டது என்று முடிவு செய்திருக்கிறார். அதற்குப் பிறகுதான், அந்த நிலையில்தான், போனை எடுத்து எனக்குப் பாராட்டுச் சொல்லியிருக்கிறார்.

"அம்மணி, வெசனப்படாதீங்க. கோளாறு இங்கதான். இன்டர்நெட்டுல சத்தமே போகலீங்க. யாருக்குமே கேட்டிருக்காது. அவருகிட்டச் சொல்லுங்க."

அழுகை நின்றது. அப்புறம் இன்னும் தாழ்ந்த குரலில், "நா எப்புடிங்ணா சொல்றது? அவருக்குக் கேக்காதுங்கறது எனக்கே தெரியாதுன்னுதானுங்க அவரு நெனச்சுட்டு இருக்காரு."

6

அன்று நான் செய்தவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். விமானச் சீட்டு பார்த்தேன். பார்த்த பிறகு ஞாபகம் வந்தது, பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. புதுப்பிக்கப் போய் ஏதோ அலமாரியில் வரிசையில் படுத்திருக்கிறது. இங்கே காது பார்க்கும் மருத்துவமனைக்குப் போன் செய்து, என் நண்பருக்கு ஒரு கருவி வாங்கி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அந்தப் பெண் மிக அன்பாக, "நிச்சயமாக. அவரை எப்போது அழைத்து வருகிறீர்கள்?" என்றாள். நான் பதில் சொல்லாததால், மறுபடி இன்னும் அன்பாக, இன்னும் மெதுவாக, எனக்குத்தான் காது கேட்கவில்லை என்று நினைத்துக் கேட்டாள்.

ஒரே வரி போதும். 'ஞாயிறு நிகழ்ச்சி வரவில்லை, உங்கள் காதில் கோளாறு இல்லை.' காது திரும்பிவிடும். ஆனால் அந்த வரியைப் படித்த கணமே, கேட்காத பாட்டைக் கேட்டதாகச் சொன்னது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு ஞாயிறு மட்டுமா, இரண்டு வருடத்து ஞாயிறுகளும் சேர்ந்து அவர் மேல் விழும். காதைக் கொடுத்தால் முகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். 'டா' போட்டுப் பேசுகிற சிநேகிதமாக இருந்திருந்தால் திட்டியே சொல்லி முடித்திருப்பேன். 'ங்க' என்கிற அந்த மெத்தையில் இத்தனை வருடம் இரண்டு பேரும் சுகமாக உட்கார்ந்திருந்தோம். இப்போது அதிலிருந்து எழ வழியில்லை.

"ஜஸ்ட் டெல் ஹிம், அப்பா" என்றாள் தாரணி. சிரிக்கவில்லை. "அவர் இன்னும் எத்தனை நாள் அப்படி நினைச்சிட்டு இருக்கணும்?"

அவள் சொன்னது சரி. அவள் வளர்ந்த ஊரில் அது எளிது. சரியானதும் எளியதும் அங்கே ஒரே வீட்டில் இருக்கின்றன.

7

செவ்வாய்க்கிழமை, குழுவில் எல்லோருக்குமாக எழுதினேன். எழுதி அழித்து எழுதியதில் மிஞ்சியது இது:

'அன்பர்களுக்கு. ஞாயிறு நம் நிகழ்ச்சி இணையத்தில் வரவில்லை. ஒரு மணி நேரமும் மௌனம்தான். கோளாறு முழுக்க நிலையத்தில். யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.'

யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. அந்த ஒரு வாக்கியம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரட்டும் என்று மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்கினேன்.

முதலில் ரங்கநாதன். அவருக்குக் கூச்சமே இல்லை. 'நானும் பார்த்தனுங்க. நெட்டு போயிருச்சாட்ட இருக்குதுன்னு உட்டுட்டன்.' ஞாயிறு அவர் எழுதிய 'அருமை' மூன்று விரல்கடை மேலே அப்படியே நின்றுகொண்டிருந்தது. கைகூப்பியவர்கள் மறுபடி கைகூப்பினார்கள்.

வேலுச்சாமி பார்த்துவிட்டதற்கான நீலக் குறி வந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலே ஏதோ அசைந்தது. அவருடைய குரல் இருந்த இடத்தில் இப்போது ஒரு சாம்பல் வரி: 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.'

மறுநாள் கலாமணியிடமிருந்து இரண்டே சொல். 'கடையத் தொறந்துட்டாருங்ணா.'

8

அதற்குப் பிறகு அவர் குரல் வருவதில்லை. ஞாயிறு போய் ஞாயிறு வருகிறது. குழுவில் இருக்கிறார், யாருக்காவது பிறந்தநாள் என்றால் வாழ்த்து எழுதுகிறார், என் நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் பேச்சில்லை. இனிப் பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்வது எங்களுக்குள் பழக்கமில்லை. நான் தனியாக அழைத்தால் எடுக்கமாட்டார். எடுத்தாலும் போனில் அவருக்கு எது கேட்கும்.

பெட்டி இப்போதும் அதிர்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டைத் தட்டுகிறார்களா என்று கலாமணியிடம் கேட்கலாம். கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் ஞாயிறு மாலைகளில் நான் எங்கே போவது.

என்னால் ஆனது ஒன்றுதான். பாட்டு தேர்ந்தெடுக்கும்போது இப்போதெல்லாம் காதை நம்புவதில்லை. ஒலிபெருக்கிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். குரலைத் தள்ளிவிடுகிறேன், வயலினைத் தள்ளிவிடுகிறேன். உருமி, பெரிய மேளம், ஆப்பிரிக்காவில் மரத்தைக் குடைந்து அடிக்கிற பெட்டிகள், மேடைக்கு ஒருவர் தூக்கி வர முடியாத பெரிய பிடில்கள். கைக்கு எட்டினால் எலும்புக்கு எட்டும். சனிக்கிழமைகளில் பாட்டுகளைப் பற்றி எழுதி அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன். வார்த்தைகளைக் கொடுத்தால் மறுபடி வார்த்தைகள் வந்துவிடுமோ என்று பயம்.

நிலைய மேலாளர் புதிய திசையா என்று கேட்டார். 'தேங்க்யூங்க' பாட்டி இந்த மாதம் போன் செய்யவில்லை.

கேக் வெட்டிய ஞாயிறு, நிகழ்ச்சி முடிந்ததும் ரங்கநாதன் குழுவில் எழுதினார். அவர் உண்மையாகவே கேட்க ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது.

'தப்பா நெனைக்காதீங்க. இப்பெல்லாம் ஒரே மோளமா இருக்குதுங்களே. பாட்டு கீட்டு போடறதில்லீங்களா?'

நான் 'பாக்கலாங்க' என்று எழுதினேன்.

அதற்குக் கீழே, இத்தனை வாரத்துக்குப் பிறகு, வேலுச்சாமி. குரலில் இல்லை, எழுத்தில்:

'மோளம் நல்லாத்தானுங்க இருக்குது. இருந்துட்டுப் போகட்டும்.'

தாரணிக்குக் காட்டினேன். "ஸீ, அவர் கேக்கறார்" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் தலையாட்டினேன். ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் கேட்டுவிட்டு எழுதினாரா, ரங்கநாதன் எழுதியதைப் படித்துவிட்டு எழுதினாரா என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறுக்கு ஒரு உருமி எடுத்து வைத்திருக்கிறேன்.